பாதி கேட்ட சொல்

காலை ஒன்பது மணிக்குக் கிளாட்சனின் குரல் நின்றது.

"ஜெனி, கரை விரிசல் விட்டுருச்சு. ஜனங்களைப் பள்ளிக்கூட மாடிக்கு ஏத்திடுறேன். ஏரியலை அவுக்க நேரமில்ல. நீ லைன்லயே..." என்றவன் அதற்குமேல் பேசவில்லை. பேசியிருக்கலாம். நீடாமங்கலத்தில் அது கேட்கவில்லை.

ஜெனிட்டா பேச்சுப் பொத்தானை அழுத்தி மூன்று முறை கூப்பிட்டாள். பொத்தானை விட்டுக் காது கொடுத்தாள். ஒலிபெருக்கியில் அடைமழை மாதிரி இரைச்சல் மட்டும் வந்தது. வெளியேயும் அதே மழைதான், நான்கு நாளாக.

அவள் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். கணவன் கிளாட்சன் எட்டு வருடம் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன். அந்த எட்டு வருடத்தில் அவளுக்குத் துணையாக இருந்தது ஹாம் ரேடியோ, தனியாட்கள் காற்றலையில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் வானொலி. மஸ்கட்டுக்கும் குவைத்துக்கும் பேச வரும் பெண்களுக்கு நாளெல்லாம் நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து படித்தாள். பரீட்சை எழுதினாள், உரிமம் வாங்கினாள். பழைய உதிரிபாகங்களை வைத்துத் தானே ஒரு செட் கட்டினாள். எஸ்.எஸ்.பி. என்கிற ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் அது பேசும். குரல் மெலிந்து, மூக்கால் பேசுவது போல வரும். டயலை மயிரிழை தள்ளி வைத்தால் வாத்துக் கத்தும். ஆனால் அந்தச் சத்தக் காட்டுக்குள்ளிருந்து கான்பூரிலும் கௌஹாத்தியிலும் இருப்பவர்கள் அவளோடு பேசினார்கள். எட்டு வருடத்தில் அவள் காது அதற்குப் பழகிவிட்டது.

போன வருடம் கிளாட்சன் ஊர் திரும்பும்போது இரண்டு ஜப்பான் செட்டுகளும் ஒரு கைக்கருவியும் வாங்கிவந்தான். செட்டுகளில் எஸ்.எஸ்.பி.யும் உண்டு, எஃப்.எம்.மும் உண்டு. கைக்கருவியில் எஃப்.எம். மட்டும்தான். பாட்டுக் கேட்கிற எஃப்.எம். இல்லை, பேச்சுக்கு மட்டும் போதுமான குறுகிய எஃப்.எம். இரைச்சலே இல்லாமல் குரல் தெளிவாக வரும். கிளாட்சன் அதில் மயங்கிவிட்டான்.

"பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு பாரு. உன் எஸ்.எஸ்.பி.ல எல்லாருக்கும் சளி பிடிச்சிருக்கு" என்பான்.

"பக்கத்துல இருக்கறவங்களோட பேச ரேடியோ எதுக்குங்க?" என்பாள் இவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சோதித்தே பார்த்தார்கள். அவன் ஒரு செட்டை பைக்கில் கட்டிக்கொண்டு கும்பகோணம் சாலையில் போனான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரைக்கும் எஃப்.எம். கண்ணாடி மாதிரி இருந்தது. பிறகு ஒரு சின்னத் தூரத்துக்குள் கதவைச் சாத்தியது போலக் காணாமல் போயிற்று. எஸ்.எஸ்.பி. அப்படிப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது, அவ்வளவுதான். தாராசுரம் கோயில் வாசலிலிருந்து அவன் பேசியதுகூடக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் புரிந்தது. "ஏரியல் சரியில்ல" என்று அவன் சாதித்துவிட்டான். அவளும் விட்டுவிட்டாள்.

தொண்ணூற்றெட்டு கார்த்திகையில் கோரையாறு கரை தொட்டு ஓடியபோது, வருவாய் ஆய்வாளர் பஞ்சநதம் நனைந்த குடையோடு பூத்துக்கு வந்தார். தொலைபேசிக் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. நடுப்படுகை என்ற குக்கிராமத்தின் நிலவரம் யாருக்கும் தெரியவில்லை. கிளாட்சன் ஒரு செட்டையும் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு நேற்று மதியமே டிராக்டரில் அங்கே போய், ஆற்றங்கரையில் மூங்கில் நட்டு ஏரியல் கட்டினான். எல்லாம் எஃப்.எம்.மில்தான். தாலுகா ஆட்கள், கடலோரத்து நிவாரணக் குழுக்கள் எல்லாரும் அதே சேனலில் இருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பொத்தானை அழுத்திப் பேசலாம், டயலைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். அது நியாயமான ஏற்பாடு என்றுதான் ஜெனிட்டாவும் நினைத்தாள்.

இப்போது அந்த மூங்கில் கரையோடு போயிருக்க வேண்டும். கிளாட்சன் உயிரோடு இருந்தால், செட்டில் இருக்கும் ஒரு முழ நீளக் கம்பியை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட மாடியில் நிற்கிறான். இருந்தால்.

"கெடைக்குதாம்மா?" என்றார் பஞ்சநதம். அவர் கேட்பது அது ஏழாவது தடவை.

"இல்ல சார்."

கடலோரத்திலிருந்து லாரியில் ஒரு ஃபைபர் படகு வந்து சாலையோரம் நின்றது. படகுக்காரர் பக்கிரிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவரோடு மச்சான் வைரக்கண்ணு. இருவருக்கும் கடல் தெரியும்; இந்த வயல்வெளி தெரியாது. கைக்கருவியை ஜெனிட்டா பக்கிரியின் கழுத்தில் பிளாஸ்டிக் பையோடு மாட்டிவிட்டாள்.

"இதை அமுக்கிட்டுப் பேசுங்கண்ணே. விட்டாத்தான் நான் பேசறது கேக்கும்."

"எந்தப் பக்கமாப் போறதும்மா? அதைச் சொல்லுங்க முதல்ல."

நடுப்படுகைக்கு இரண்டு வழி இருந்தது. வாய்க்காலோடு போய் மேற்கு மதகைத் தாண்டினால் அரை மணியில் போய்விடலாம். கிழக்கே ரயில்வே கரையைச் சுற்றிப் போனால் இரண்டு மணி நேரம். மாடியில் எத்தனை பேர், கட்டடம் நிற்குமா என்று எதுவும் தெரியாத நிலையில் இரண்டு மணி நேரம் என்பது பெரிய காலம்.

ஜெனிட்டா இரைச்சலை அடக்கும் குமிழை முழுக்கத் திறந்துவைத்து, ஒலிபெருக்கியில் காதை ஒட்டிக்கொண்டாள். பத்தே கால் இருக்கும். இரைச்சலில் பொத்தல் விழுந்தது போலச் சில சொற்கள் வந்தன. அவன் குரல்தான்.

"...படகு... மேற்கு மத... வழியா... வர..."

பிறகு ஒரு சொடக்கு. மறுபடி இரைச்சல். அதே நொடியில் கடலோரத்து நிலையம் ஒன்று அரிசி மூட்டைகளைப் பற்றிப் பேசத் தொடங்கியது. வலுவான குரல், சுத்தமாகக் கேட்டது. அது பேசும்வரை கிளாட்சன் என்று ஒருவன் உலகத்தில் இல்லாததுபோல் இருந்தது. எஃப்.எம்.மில் அப்படித்தான். வலுத்தவன் வந்துவிட்டால் மெலிந்தவனின் குரல் அடியோடு அமுங்கிப்போகும், அடியில் முனகல்கூடக் கேட்காது.

"என்ன சொல்றாரு?" பஞ்சநதம் குனிந்தார். "மேற்கு மதகு வழியா வரச் சொல்றாரா?"

அவள் ஒரு கணம் தயங்கினாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்பது மட்டும்தான் அந்தக் கணத்தில் மனதில் இருந்தது. சீக்கிரம் படகு போக வேண்டும், அரை மணியில் போக வேண்டும்.

"ஆமா சார். மேற்கு மதகு வழியாத்தான்."

படகு கிளம்பியது. "மேற்கு மதகு வழியாப் படகு வருது" என்று அவள் எஃப்.எம்.மில் கிளாட்சனுக்கும் சொன்னாள்.

எஞ்சின் சத்தம் மழையில் கரைந்த பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. கேட்டதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். வழியா வர. வர என்பதற்குப் பின்னால் என்ன இருந்தது? அவன் 'வரச் சொல்லு' என்றானா, 'வரட்டும்' என்றானா? அப்படியானால் 'வர' என்ற இடத்தில் குரல் ஏன் அப்படி உயர்ந்தது? கிளாட்சன் சாதாரணமாகக் கத்துகிற ஆள் இல்லை.

"பக்கிரி அண்ணே, கேக்குதா?"

"நல்லாக் கேக்குதும்மா. கருவக்காடு தாண்டிட்டோம். தண்ணி செவப்பா ஓடுது." படகிலிருந்து வந்த குரல் இந்த அறைக்குள் பேசியது போல இருந்தது.

"மெதுவாவே போங்கண்ணே."

அவள் இரைச்சலில் மறுபடி காதை வைத்தாள். இப்போது சொற்கள்கூட இல்லை. விட்டுவிட்டுச் சொடக்குகள், வெடிப்புகள். அவன் பேசிக்கொண்டே இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. கத்துகிறான் என்பதும் தெரிந்தது. குறுகிய எஃப்.எம்.மில் கத்தக் கத்தக் குரல் தன் எல்லையை மீறித் துண்டுதுண்டாக வெட்டும். ஏன் கத்துகிறான்?

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் செட் இருபத்தைந்து வாட். பூத் மாடியில் நல்ல உயரத்தில் ஏரியல். அவள் பேசுவதெல்லாம் அவனுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும். படகை மேற்கு மதகு வழியாக அனுப்பியதை அவன் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டுத்தான் கத்துகிறான்.

அவள் பஞ்சநதம் பக்கம் திரும்பினாள்.

"சார், நான் சேனலை மாத்தறேன். எஸ்.எஸ்.பி.ல தேடிப் பாக்கணும்."

"மாத்தினா படகு பேசறது கேக்குமா?"

"கேக்காது. நான் கட்டின பழைய செட்டு இந்த அலைவரிசைக்கு வராது. இது ஒண்ணுதான் சார் இருக்கு."

பஞ்சநதம் அவள் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, அவர்தான் வரச் சொல்லிட்டாரே. இப்ப எதுக்கு?"

அவள் பொத்தானை அழுத்தி எஃப்.எம்.மில் பேசினாள். "கிளாட்சன், நான் பேசறது உங்களுக்குக் கேக்கும்னு நெனைச்சுப் பேசறேன். கத்தாதீங்க. எஸ்.எஸ்.பி.க்கு மாறுங்க. நூத்து நாப்பத்து நாலு புள்ளி ரெண்டு. நானும் அங்க வர்றேன். பக்கிரி அண்ணே, எஞ்சினைக் கொறைச்சு அங்கயே நில்லுங்க. ரெண்டு நிமிஷம் நான் லைன்ல இருக்க மாட்டேன்."

பக்கிரியிடமிருந்து பதில் வரவில்லை. கடலோரத்து நிலையம் மறுபடி மூட்டைக் கணக்கைத் தொடங்கியிருந்தது. தான் சொன்னது படகுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே அவள் குமிழைத் திருப்பினாள்.

அங்கே வேறு மாதிரி இரைச்சல். முறத்தில் நெல் புடைப்பது போல இடைவிடாத சலசலப்பு. டயலை மெல்ல, நகக்கண் அளவு நகர்த்தினாள். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். எங்கோ தூரத்தில் வேறு யாரோ தெலுங்கில் பேசுவது மெல்லியதாக ஓடியது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். படகு நின்றிருக்குமா? நிற்காமல் போயிருந்தால் இந்நேரம் எங்கே இருக்கும்?

அந்தத் தெலுங்குக்கு அடியில் ஒரு குருவிச் சத்தம் கேட்டது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு டயலைக் கீழே இறக்கினாள். குருவி வாத்தாயிற்று. வாத்து மனிதனாயிற்று. தெலுங்குக்காரர் ஒரு பக்கம் பேசிக்கொண்டே இருந்தார். அவர் குரலை விலக்கிக்கொண்டு அவள் காது இந்தக் குரலைப் பிடித்துக்கொண்டது.

"...ஜெனி... மேற்கு மதகு... வர வேண்டாம்... வேண்டாம்... மதகு போயிருச்சு... உள்ள இழுக்குது... ஜெனி..."

"வேண்டாம்னா சொல்றாரு?" பஞ்சநதத்துக்கு எதுவும் புரியவில்லை. அவர் காதில் அது வெறும் சலசலப்பு.

பாதிச் சொல்லைத் தானே நிரப்பிய தப்பை அவள் இன்னொரு முறை செய்யத் தயாராக இல்லை. "கிளாட்சன், வர வேண்டாம்னா, வேண்டாம்னு மூணு தடவை சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க."

விட்டாள். சலசலப்பு. பிறகு மிக மெல்லியதாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக: "வேண்டாம். வேண்டாம். வேண்டாம்."

அவள் குமிழைப் பிடுங்காத குறையாக எஃப்.எம்.முக்குத் திருப்பினாள்.

"பக்கிரி அண்ணே! மதகுப் பக்கம் போகாதீங்க. திரும்புங்க. மதகு உடைஞ்சு கெடக்குது. பக்கிரி அண்ணே!"

பதில் இல்லை.

"கடலோர நிலையம், தயவுசெஞ்சு பேச்சை நிறுத்துங்க. உயிர் போற காரியம். பக்கிரி அண்ணே, திரும்புங்க!"

மூட்டைக் குரல் பாதியில் நின்றது. சேனல் முழுவதும் அமைதி. ஜெனிட்டா கூப்பிட்டாள், விட்டாள், கூப்பிட்டாள். பஞ்சநதம் நாற்காலியிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். "நான்தானே அனுப்பச் சொன்னேன்" என்று அவர் முணுமுணுத்தார். இல்லை, நான்தான் சொன்னேன் என்று அவள் சொல்ல நினைத்தாள். சொல்லாமல் மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

படீரென்று குரல் வந்தது. எஞ்சின் அலறல், தண்ணீர் இரைச்சல், எல்லாவற்றையும் மீறி ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. அந்தத் தெளிவுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"அம்மா, இழுக்குது! எஞ்சினை எதிர்த்துப் போட்டும் படகு பின்னாடி வர மாட்டேங்குது! வைரக்கண்ணு, அந்தத் தென்னையப் புடிடா! கயித்த வீசு! வீசுடா..."

பிறகு ஒரு மனிதனின் அலறல். பக்கிரியுடையது இல்லை. சேனல் அணைந்தது.

பதினோரு நிமிடம். சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கிய கடிகாரத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாதாவை வேண்டிக்கொள்ள வார்த்தை தேடினாள், வரவில்லை. படகில் இரண்டு பேர், மாடியில் எத்தனையோ பேர், அவன் ஒருவன். எல்லாரையும் ஒரு சொல்லின் பாதியை வைத்து ஆற்றில் தள்ளிவிட்டோம் என்ற நினைப்பு மட்டும் இருந்தது. 

"அம்மா." பக்கிரியின் குரல் உடைந்திருந்தது. "கட்டிட்டோம். தென்னமரத்துல கட்டிட்டோம். மச்சான் கை மரத்துக்கும் படகுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. ரெண்டு வெரலு போயிருச்சும்மா. ரத்தம் நிக்க மாட்டேங்குது."

"துணியால இறுக்கிக் கட்டுங்கண்ணே. கையை மேல தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. இழுப்பு இல்லாத பக்கமா வெளிய வர முடியுமா?"

"மரத்துக்கு மரம் கயிறு போட்டு வர்றோம். எந்தப் பக்கமாப் போகச் சொல்றீங்க?" சற்று நிறுத்தி, "இந்தத் தடவை நல்லாத் தெரிஞ்சுதானே சொல்றீங்க?" என்றார்.

அவள் மறுபடி எஸ்.எஸ்.பி.க்குப் போய்க் கிளாட்சனைக் கேட்டாள். ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லி, அவன் ஆமாம் என்ற பிறகே அடுத்ததற்குப் போனாள். ரயில்வே கரை உடையவில்லை. மாடியில் நாற்பத்து மூன்று பேர். ஒரு பிரசவக்காரப் பெண். தண்ணீர் ஜன்னல் மேல்விளிம்பைத் தொட்டு ஒரு மணி நேரமாக ஏறவில்லை. எல்லாம் வாத்துக் குரலில், சலசலப்புக்கு நடுவே, துளித்துளியாக வந்தது. அவள் அதை எஃப்.எம்.மில் பக்கிரிக்குச் சொன்னாள். எஞ்சின் சத்தத்துக்கு நடுவிலும் அவருக்கு ஒரு சொல் தவறாமல் கேட்டது. இரண்டுக்கும் இடையே குமிழைத் திருப்பித் திருப்பி அவள் விரல் கன்றியது.

பக்கிரி ரயில்வே கரைக்கு வந்து, காத்திருந்த ஜீப்பில் வைரக்கண்ணுவை ஏற்றிவிட்டு, அந்தப் பக்கத்து ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கிழக்கு வழியாகப் போனார். அங்கிருந்து ஊர் கிட்டத்தில்தான். நான்கு நடை. மாலை நான்கரைக்குக் கடைசி நடையில் கிளாட்சன் வந்தான். இடுப்புக்குக் கீழே சேறு. முழங்காலில் பெரிய காயம். செட்டைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு கட்டியிருந்தான். ரயில்வே கரையில் அவளைப் பார்த்ததும் நின்றான்.

"உங்களுக்கு எல்லாம் கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு." அவன் குரல் கரகரத்திருந்தது. "நீ அந்த வழியா அனுப்புறது கேட்டுச்சு. நான் கத்துறது உனக்குக் கேக்கலன்னும் தெரிஞ்சுது. அப்பவே மாத்தியிருக்கணும் ஜெனி. குமிழு கைக்கிட்டதான் இருந்துச்சு. கத்தினா போதும்னு நெனைச்சுட்டேன்."

அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவன் நெஞ்சிலிருந்த செட்டை அவிழ்த்துத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். 

நான்காம் நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கிளாட்சன் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வார்டில் வைரக்கண்ணு வலதுகையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பக்கிரி ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஜெனிட்டா வாங்கி வந்த ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைத்தாள். நின்றபடியே சொன்னாள். "அன்னிக்கு அவர் வரச் சொல்லல. வர வேண்டாம்னு சொன்னார். எனக்குப் பாதிதான் கேட்டுச்சு. மீதியை நானா சேத்துச் சொன்னேன்."

பக்கிரி ஃபிளாஸ்க்கை மூடினார். 

"பாதிதான் கேட்டுச்சுன்னு சொல்லியிருந்தா, நாங்க கரையோரமாப் போயி எட்டிப் பாத்திருப்போம்மா" என்றார் வைரக்கண்ணு. கோபம் இல்லாமல்தான் சொன்னார். "கடல்ல தெரியலன்னா தெரியலன்னு சொல்லிக்குவோம். அதுல என்ன வெக்கம்?"

"பயமா இருந்துச்சுண்ணே" என்றாள். "அவர் அங்க மாட்டிக்கிட்டாரேன்னு."

"எனக்கும்தான் பயம். மரத்தப் புடிக்கறப்ப." அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். "உக்காருங்க. மச்சான், அவங்களுக்கும் கொஞ்சம் ஊத்து."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கிரி நீட்டிய டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.